நாணய அச்சு ஆய்வு (கொங்கு நாட்டு வெள்ளிக் காசுகள்)

நாணய அச்சு ஆய்வு என்பது, பழங்காலக் காசுகள் எந்தெந்த அச்சுகளால் அடிக்கப்பட்டன என்பதை ஒவ்வொரு காசாக ஒப்பிட்டு அறிந்து, அதன்வழி ஒரு நாணய வகைக்குப் பயன்பட்ட மொத்த அச்சுகளின் எண்ணிக்கையையும், வெளியிடப்பட்ட காசுகளின் அளவையும் மதிப்பிடும் நாணயவியல் முறை ஆகும். பண்டைய அக்கசாலைகளின் கணக்கேடுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. எனவே ஓர் அரசு எவ்வளவு வெள்ளியைக் காசாக்கியது என்ற கேள்விக்கு விடை தேட, காசுகளே எஞ்சியுள்ள முதன்மைச் சான்றாகும்.

தமிழ்நாட்டில் இம்முறை பெரிதும் பொருந்தும் இடம் கொங்கு நாடு. கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, கரூர் ஆகிய ஊர்களைச் சுற்றி உரோமானிய வெள்ளிக் காசுகள் பானை பானையாகக் கிடைத்துள்ளன. சேர மன்னர் வெளியிட்ட எழுத்துப் பொறித்த வெள்ளிக் காசுகளும் கரூரில் கிடைத்துள்ளன. முன்னவை பிற நாட்டில் அடிக்கப்பட்டு இங்கு வந்தவை. பின்னவை இந்நாட்டு அரசர் வெளியிட்டவை. இவ்விரண்டையும் அச்சு ஆய்வு வெவ்வேறு வகையில் அணுக வேண்டியுள்ளது.

கொங்கு நாட்டில் கிடைத்த உரோமானிய வெள்ளிக் காசுகள்

உரோமப் பேரரசின் வழக்கமான வெள்ளிக் காசு தெனாரியஸ் எனப்பட்டது. 25 தெனாரியஸ் ஒரு பொற்காசுக்கு (ஔரியஸ்) ஈடு. ஒரு தெனாரியஸ் நான்கு செஸ்டர்டியஸ் மதிப்புடையது. உரோமானியர் பெருந்தொகைகளைச் செஸ்டர்டியஸ் கணக்கில் எழுதுவது வழக்கம்.

கோவை மாவட்டத்தில் பொள்ளாச்சியில் 1800ஆம் ஆண்டில் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் காசுகள் அடங்கிய பானை ஒன்று கிடைத்தது. கோவை நகருக்கு அருகில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள வெள்ளலூரில் 1842இல் 522 தெனாரியஸ் காசுகள் கிடைத்தன. அதே ஊரில் 1891இலும் 1931இலும் மீண்டும் புதையல்கள் வெளிப்பட்டன. கரூரில் 1878இல் சுமார் 500 காசுகள் கிடைத்ததாகப் பதிவு உள்ளது. ஊத்துக்குளியை அடுத்த கத்தாங்கண்ணியில் 1913இல் 233 காசுகள் கிடைத்தன. உடுமலைப்பேட்டைப் பகுதியில் உள்ள பூதிநத்தம் புதையல் இவற்றுள் மிகப் பெரியது. அதில் 1,398 காசுகள் இருந்தன.

இவ்வூர்கள் அனைத்தும் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து நொய்யல், அமராவதி ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே கரூர் செல்லும் பாதையை ஒட்டி அமைந்துள்ளன. மேற்குக் கடற்கரையின் முசிறித் துறையில் இறங்கிய வணிகம் இவ்வழியே உள்நாட்டுக்குச் சென்றது. இப்பாதை பிற்காலத்திலும் வழக்கில் இருந்ததற்குக் கோவை அருகே சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் உள்ள இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு சான்றாகும். படியூரின் பச்சை நீலக் கற்களும், கொடுமணலின் மணித்தொழிலும் இப்பாதையோடு தொடர்புடையவை. கொங்கு நாட்டில் இத்துணைக் காசுகள் கிடைப்பதற்கு மிளகு மட்டுமன்றி இக்கற்களும் காரணம் எனப் பலர் கருதுகின்றனர்.

இப்புதையல்களில் ஒரு வியப்பு உண்டு. காசுகளில் மிகப் பெரும்பகுதி இரண்டே வகையைச் சேர்ந்தவை. ஒன்று, அகஸ்டசின் பேரரும் தத்துப் புதல்வருமான கையஸ், லூசியஸ் ஆகிய இருவரும் நடுவே கேடயங்களும் ஈட்டிகளும் இருக்க நின்ற கோலத்தில் காட்டப்பட்ட வகை. இது கி.மு. 2 முதல் லுக்துனம் அக்கசாலையில் (இன்றைய பிரான்சின் லியோன்) அடிக்கப்பட்டது. மற்றொன்று, டைபீரியசின் தலையும், பின்புறத்தில் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண்ணுருவும் கொண்ட வகை. இதன் பின்புற எழுத்து தலைமைக் குரு என்னும் பட்டத்தைக் குறிக்கிறது. டைபீரியஸ் ஆட்சி செய்த கி.பி. 14 முதல் 37 வரையான காலத்தில் பெரும்பகுதியும் இக்காசு ஏறத்தாழ மாற்றமின்றி வெளிவந்தது. விவிலியத்தில் இயேசுவிடம் காட்டப்பட்ட வரிக்காசு இதுவே என்பது மரபான கருத்து.

நீரோ மன்னன் கி.பி. 64 அளவில் தெனாரியசின் எடையையும் வெள்ளித் தரத்தையும் குறைத்தான். அதற்கு முன் ஓர் உரோமானிய இராத்தல் வெள்ளிக்கு 84 காசுகள் அடிக்கப்பட்டன. அதன்பின் 96 காசுகள் அடிக்கப்பட்டன. ஏறத்தாழத் தூய வெள்ளியாக இருந்த காசில் செம்பு கலக்கப்பட்டது. அதன்பிறகு அடிக்கப்பட்ட வெள்ளிக் காசுகள் தமிழகத்தில் அரிதாகவே கிடைக்கின்றன. தமிழக வணிகர் பழைய நல்ல காசுகளையே ஏற்றனர் என்பது இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். இலங்கை அரசன் ஒருவன், வெவ்வேறு பேரரசர்களின் உருவம் பொறித்த தெனாரியஸ் காசுகள் யாவும் ஒரே எடையில் இருப்பதைக் கண்டு உரோமானியரின் நேர்மையை வியந்தான் எனப் பிளினி எழுதியிருப்பதும் இங்கு எண்ணத்தக்கது. அது கதையாகவே இருப்பினும், காசை எடை போட்டுப் பார்க்கும் வழக்கம் இப்பக்கத்தில் இருந்தது என்பதை அது காட்டுகிறது.

காசு அடிக்கும் முறை

பண்டைய உரோமில் காசு வார்க்கப்படவில்லை, அடிக்கப்பட்டது. வெண்கலத்திலோ இரும்பிலோ ஆன அச்சில் உருவமும் எழுத்தும் குழிவாக, இடவலம் மாறி வெட்டப்படும். முன்பக்க அச்சு பட்டடையில் பதிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் சூடாக்கிய வெள்ளி வில்லையை வைத்து, பின்பக்க அச்சை அதன்மேல் நிறுத்திச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். ஓர் அடியில் இருபுறமும் பதிந்துவிடும்.

அச்சுகள் கையால் வெட்டப்பட்டவை. ஒரே கைவினைஞர் ஒரே உருவத்தை இருமுறை வெட்டினாலும் இரண்டும் முற்றிலும் ஒத்திரா. முடிக்கற்றையின் வளைவு, எழுத்துகளுக்கு இடைப்பட்ட தொலைவு, மூக்கு நுனிக்கு நேரே எந்த எழுத்து வருகிறது என்பன போன்ற நுண்ணிய வேறுபாடுகள் எஞ்சும். அச்சு ஆய்வு முழுவதும் இவ்வேறுபாடுகளின் மீதே நிற்கிறது.

சம்மட்டி அடியை நேராகத் தாங்குவது பின்பக்க அச்சு. ஆதலால் அது விரைவில் வெடிக்கும். முன்பக்க அச்சு பட்டடையின் காப்பில் இருப்பதால் நீண்ட நாள் உழைக்கும். ஒரு முன்பக்க அச்சின் ஆயுளுக்குள் பல பின்பக்க அச்சுகள் மாறியிருக்கலாம். இதனால்தான் உற்பத்தியைக் கணக்கிடுவோர் பெரும்பாலும் முன்பக்க அச்சுகளையே அடிப்படையாகக் கொள்கின்றனர்.

அச்சுகளை இனங்காணுதல்

ஆய்வாளர் ஒரு வகையைச் சேர்ந்த காசுகளின் ஒளிப்படங்களையோ வார்ப்புப் படிகளையோ இயன்றவரை திரட்டுகிறார். பின் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடுகிறார். 200 காசுகள் இருந்தால் 19,900 இணைகளை ஒப்பிட வேண்டிவரும். தேய்ந்த காசு, விளிம்பில் எழுத்து விழாமல் போன காசு, கீறல் விழுந்த காசு ஆகியவை வேலையைக் கடினமாக்கும். அண்மைக்காலத்தில் இதற்குக் கணினிப் பட ஒப்பீட்டு முறைகள் உருவாக்கப்பட்டு வருகின்றன. எனினும் இறுதி முடிவைப் பழகிய கண்ணே எடுக்கிறது.

ஒரே முன்பக்க அச்சில் அடிக்கப்பட்ட இரண்டு காசுகள் வெவ்வேறு பின்பக்க அச்சுகளைக் கொண்டிருந்தால், அவ்விரு பின்பக்க அச்சுகளும் ஒரே அக்கசாலையில் அடுத்தடுத்துப் பயன்பட்டவை என ஊகிக்கலாம். இது அச்சுத் தொடர்பு எனப்படும். இத்தொடர்புகளைச் சங்கிலியாகக் கோத்து, அச்சில் விழுந்த வெடிப்பு வளர்ந்து செல்வதையும் கவனித்தால், எந்தக் காசு முன்னது, எது பின்னது எனக் கால வரிசையும் கிடைக்கும்.

கொங்குப் புதையல்களுக்கு இதனால் மற்றொரு பயனும் உண்டு. ஒரு பானையில் உள்ள காசுகளில் பல ஒரே அச்சில் அடிக்கப்பட்டவையாக இருந்தால், அவை அக்கசாலையிலிருந்து புதிதாக மூட்டையாகக் கட்டப்பட்டுக் கைமாறாமல் கப்பலேறின என்று பொருள். அச்சுத் தொடர்பே இல்லையெனில், அவை பேரரசின் கடைத்தெருக்களில் பல்லாண்டு சுழன்று கலந்தபின் பொறுக்கியெடுக்கப்பட்டவை. தமிழகத்துக்கு வந்த வெள்ளி எப்போது அனுப்பப்பட்டது, டைபீரியஸ் காலத்திலேயா அல்லது நீரோவின் தரக்குறைப்புக்குப் பின்னரா என்ற நெடுநாள் வாதத்துக்கு இது ஒரு வழிகாட்டியாகும்.

மொத்த அச்சுகளை மதிப்பிடுதல்

இன்று கையில் இருக்கும் காசுகள், அன்று அடிக்கப்பட்டவற்றின் மிகச் சிறிய கூறு. ஆகவே கண்டறிந்த அச்சுகளைத் தவிர, ஒரு காசைக்கூட மிச்சம் வைக்காமல் மறைந்துபோன அச்சுகளும் இருந்திருக்கும். அவற்றையும் சேர்த்து மொத்தத்தை மதிப்பிடுவதே இங்குள்ள புள்ளியியல் சிக்கல்.

இதன் அடிப்படைக் கருத்து எளியது. அறியாத ஊரின் சந்தையில் நுழைந்து எதிர்ப்படுவோரைக் கவனிப்பதாகக் கொள்வோம். முதல் ஐம்பது பேரில் கண்ட முகங்களே திரும்பத் திரும்ப வந்தால் சந்தை சிறியது. ஐம்பதும் புதுமுகங்களாகவே இருந்தால் சந்தை மிகப் பெரியது. காசுகளிலும் அவ்வாறே, அச்சுகள் திரும்ப வரும் வீதம் மொத்தத்தைக் காட்டிக்கொடுக்கிறது. மலேயாவின் பட்டாம்பூச்சி இனங்களை எண்ணுவதற்காக 1943இல் வெளியான ஆய்வும், இரண்டாம் உலகப்போரில் மறைகுறி உடைப்புப் பணியில் ஆலன் டூரிங் கண்டு, ஐ. ஜே. குட் 1953இல் வெளியிட்ட முறையும் இதே சிக்கலைப் பற்றியவை. நாணயவியலில் ஸ்டூவர்ட் லயன், ஜைல்ஸ் கார்ட்டர், வாரன் எஸ்டி ஆகியோர் இவ்வகைக் கணக்குகளை வளர்த்தெடுத்தனர்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் காண்போம். ஆராயப்பட்ட காசுகள் 200. அவற்றில் கண்டறியப்பட்ட முன்பக்க அச்சுகள் 120. இவற்றுள் ஒரே ஒரு காசில் மட்டும் காணப்படும் அச்சுகள் 75 எனக் கொள்வோம்.

முதலில், மாதிரியின் நிறைவைக் காணலாம். ஒற்றைக் காசு அச்சுகளை மொத்தக் காசுகளால் வகுத்து ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். 75ஐ 200ஆல் வகுத்தால் 0.375, எனவே நிறைவு 62.5 விழுக்காடு. அதாவது, அன்று அடிக்கப்பட்ட காசுகளில் ஏறத்தாழ 62.5 விழுக்காடு நாம் ஏற்கனவே கண்டறிந்த அச்சுகளிலிருந்து வந்தவை. அடுத்து ஒரு புதிய காசு கிடைத்தால், அது அறிந்த அச்சில் அடிக்கப்பட்டதாக இருக்கும் வாய்ப்பும் அதுவே.

அடுத்து, மொத்த அச்சுகள். எல்லா அச்சுகளும் சம அளவு காசுகளை அடித்தன எனக் கொண்டால் விடை சுமார் 178. ஆனால் நடைமுறையில் சில அச்சுகள் முதல் நாளே உடைந்திருக்கும், சில நெடுநாள் உழைத்திருக்கும். இதனைக் கருதும் மற்றொரு முறையின் வாய்பாடு பின்வருமாறு:

மொத்த அச்சுகள் = (காசுகள் × கண்ட அச்சுகள்) ÷ (காசுகள் − கண்ட அச்சுகள்)

இதன்படி 200 × 120 = 24,000; அதனை 80ஆல் வகுக்க 300 கிடைக்கும். ஒரே தரவு, இரண்டு எடுகோள்கள், விடைகள் 178, 300. இரண்டும் கணிதப்படி சரியானவையே. எந்த எடுகோள் அக்கசாலையின் உண்மை நிலைக்கு நெருக்கமானது என்பதே கேள்வி. ஆய்வறிக்கைகளில் அச்சு எண்ணிக்கையை மட்டும் பார்த்து, எம்முறையால் பெறப்பட்டது என்று பாராமல் ஒப்பிடுவது தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும்.

இவ்வாய்பாடுகளைச் சோதிக்க ஒரு நல்வாய்ப்பு உண்டு. கி.மு. 82இல் உரோமில் கிரிப்பூசியஸ் என்னும் நாணய அலுவலர் வெளியிட்ட தெனாரியஸ் காசுகளின் பின்பக்க அச்சுகளில் வரிசை எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அவ்வெண்கள் ஐந்நூற்றைக் கடந்து செல்கின்றன. ஆகவே மொத்த அச்சுகள் எத்தனை என்பது இங்கு ஓரளவு முன்கூட்டியே தெரியும். புள்ளியியல் மதிப்பீட்டை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கார்ட்டர் தம் முறையை இக்காசுகளைக் கொண்டே சோதித்தார். உரோமக் குடியரசுக் காலக் காசுகளுக்கு ரிச்சர்ட் ஷேஃபர் பல்லாண்டுகளாகத் திரட்டிய அச்சுப் படத்தொகுப்பு, இப்போது அமெரிக்க நாணயவியல் கழகத்தின் வழியாக ஆய்வாளருக்குக் கிடைக்கிறது.

ஓர் அச்சுக்கு எத்தனை காசுகள்?

அச்சுகளின் எண்ணிக்கை தெரிந்தாலும் காசுகளின் எண்ணிக்கை தெரிந்துவிடாது. ஓர் அச்சு சராசரியாக எத்தனை காசுகளை அடித்தது என்பதும் தெரிய வேண்டும். இம்முறையின் மிக வலுவற்ற கண்ணி இதுவே.

மைக்கேல் கிராஃபோர்டு 1974இல் வெளியிட்ட உரோமக் குடியரசுக் காசுகள் பற்றிய பெருநூலில் ஒரு முன்பக்க அச்சுக்கு 30,000 காசுகள் என்ற எண்ணைக் கையாண்டார். டேவிட் செல்வுட் 1963இல் பண்டைய முறைப்படி தாமே அச்சு செய்து காசு அடித்துப் பார்த்துப் பத்தாயிரத்தை ஒட்டிய எண்களைப் பெற்றார். கிரேக்கத்தின் டெல்ஃபி கோயில் கணக்குக் கல்வெட்டுகளும், 13, 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து அக்கசாலைப் பதிவேடுகளும் ஒப்பீட்டுக்கு உதவுகின்றன. ஆங்கிலேயப் பதிவேடுகளில் வழங்கப்பட்ட அச்சுகளின் எண்ணிக்கையும் காசாக்கப்பட்ட வெள்ளியின் அளவும் உள்ளன. ஆனால் இவற்றிலிருந்து கிடைக்கும் சராசரியும் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுகிறது.

இதைச் சுட்டிக்காட்டி டி. வி. பட்ரே 1990களில் கடும் மறுப்பை எழுப்பினார். அச்சு உடையும் வரை பயன்படுத்தப்பட்டது என்பதற்கு உறுதியில்லை. தேவை முடிந்ததும் நல்ல அச்சும் ஒதுக்கப்பட்டிருக்கலாம். எனவே ஒரு சராசரியை எடுத்து எல்லா இடத்திலும் பெருக்குவது வெறும் கற்பனை என்பது அவர் வாதம். பெல்ஜிய அறிஞர் பிரான்சுவா த கலதாய் இதற்கு விடையளித்தார். துல்லியமான எண் கிடைக்காது எனினும், அளவின் வரிசையை, அதாவது இலட்சமா கோடியா என்பதை, அறிய இம்முறை போதும் என்பது அவர் நிலைப்பாடு. இவ்வாதம் இன்றும் முற்றுப்பெறவில்லை. வெவ்வேறு வகைகளுக்குள் ஒப்பீடு செய்வதற்கு, அதாவது ஒன்று மற்றொன்றைப்போல் மும்மடங்கு அடிக்கப்பட்டது என்பன போன்ற முடிவுகளுக்கு, அச்சு ஆய்வு ஓரளவு நம்பத்தக்கது. தனி எண்ணாகக் கூறப்படும் மொத்த உற்பத்தியை எச்சரிக்கையுடனேயே ஏற்க வேண்டும்.

பிளினியின் கணக்கும் வெள்ளலூர்ப் பானையும்

இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்டியசை உரோமிடமிருந்து உறிஞ்சுகிறது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி எழுதினார். தமிழக வரலாற்று நூல்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் செய்தி இது. அச்சு ஆய்வு இக்கூற்றை உண்மை என்றோ பொய் என்றோ நிறுவாது; ஆயினும் அதன் பொருள் என்ன என்பதைத் தெளிவாக்கும்.

ஐந்து கோடி செஸ்டர்டியஸ் என்பது 1 கோடியே 25 இலட்சம் தெனாரியஸ். ஒரு காசு சுமார் 3.7 கிராம் எனக் கொண்டால், இது ஏறத்தாழ 46 டன் வெள்ளி. ஓர் அச்சுக்கு 10,000 காசுகள் எனில் இதனை அடிக்க ஆண்டுக்கு 1,250 முன்பக்க அச்சுகள் வேண்டும். 30,000 எனில் சுமார் 417 அச்சுகள் வேண்டும். இந்தியாவுக்கென்று மட்டும் ஆண்டுதோறும் இத்தனை அச்சுகள் வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதைக் கேட்கும்போதே, முழுத்தொகையும் வெள்ளிக் காசாக வந்திருக்காது என்பது விளங்கும். பொற்காசாக வந்திருப்பின் ஐந்து இலட்சம் காசுகள் போதும். மது, செம்பு, பவளம், கண்ணாடி முதலிய பண்டங்களாகவும் ஒரு பகுதி வந்தது. பிளினியின் எண் சரக்கின் மதிப்பா, அனுப்பப்பட்ட காசா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. அதே வேளையில், முசிறியிலிருந்து திரும்பிய ஹெர்மப்போலன் என்ற ஒரே கப்பலின் சரக்கு ஏறத்தாழ எழுபது இலட்சம் செஸ்டர்டியஸ் மதிப்புடையதாக இருந்தது என்பதை, வியன்னாவில் உள்ள கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏட்டிலிருந்து அறிகிறோம். அதனை நோக்கப் பிளினியின் தொகை மிகையெனத் தள்ளத்தக்கதன்று.

இனிக் கொங்குப் புதையல்களைப் பார்ப்போம். வெள்ளலூர் (1842), கரூர் (1878), கத்தாங்கண்ணி, பூதிநத்தம் ஆகிய நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 2,650 காசுகள். எடையில் பத்துக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பிளினி கூறும் ஓராண்டுத் தொகையில் இது ஏறத்தாழ 4,700இல் ஒரு பங்கு. கோட்பாட்டளவில், நாம் பெருஞ்செல்வம் என வியக்கும் நான்கு பானைகளையும் ஒரே ஓர் அச்சு, தன் ஆயுளின் ஒரு சிறு பகுதியில் அடித்து முடித்திருக்க முடியும்.

ஆகவே, கிடைத்த காசுகளின் எண்ணிக்கையைக் கொண்டு வணிகத்தின் அளவைக் கூறுவது பிழையாகும். பூமிக்குள் போய், மீண்டும் எடுக்கப்படாமல், பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டு, உருக்காமல் அரசிடம் ஒப்படைக்கப்பட்டவை மட்டுமே நம் கணக்கில் உள்ளன. வந்த வெள்ளியில் பெரும்பகுதி இங்கேயே உருக்கப்பட்டு அணிகலனாகவும் உள்ளூர்க் காசாகவும் மாறியிருக்க வேண்டும்.

கையஸ்-லூசியஸ், டைபீரியஸ் வகைகள் இரண்டும் மிகப் பெரிய அளவில் அடிக்கப்பட்டவை. இவற்றுக்கு முழுமையான அச்சு ஆய்வு செய்வது மலைப்பூட்டும் பணி. உருவம் மாறாமல் ஆண்டுக்கணக்கில் வெளிவந்ததால் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். டைபீரியஸ் வகையை அமர்ந்த பெண்ணின் இருக்கைக் கால்கள், அதன் கீழ் உள்ள அடிக்கோடு ஆகியவற்றின் வேறுபாட்டைக் கொண்டு குழுக்களாகப் பிரித்துள்ளனர். உள்ளே செம்பு வைத்து வெள்ளி முலாம் பூசிய போலிகளும், இந்தியாவிலேயே செய்யப்பட்ட போன்மைக் காசுகளும் கலந்துவிட்டால் கணக்கு பிழைபடும்; அவற்றை முதலில் நீக்க வேண்டும்.

கரூர்ச் சேரர் வெள்ளிக் காசுகள்

கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையிலிருந்து கிடைத்த காசுகளுள் மாக்கோதை, குட்டுவன் கோதை என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட வெள்ளிக் காசுகள் தனிச்சிறப்புடையவை. முன்புறத்தில் வலப்புறம் நோக்கிய அரசனின் தலையும், அதைச் சார்ந்து பெயரும் உள்ளன. பின்புறம் வெறுமையாக உள்ளது. தலையுருவம் உரோமானியக் காசுகளின் தாக்கத்தைக் காட்டுகிறது. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றை வெளியிட்டு ஆராய்ந்தார். சங்ககாலத் தமிழ் நாணயங்கள் பற்றிய அவரது ஆங்கில நூல் 1997இல் வெளிவந்தது. இக்காசுகளின் காலம் குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

அச்சு ஆய்வு நோக்கில் இவற்றுக்கு ஒரு வசதியும் ஓர் இடரும் உள்ளன. பெயர் பொறித்த உருவ அச்சு ஒன்றே என்பதால் ஒப்பிடுவது எளிது. ஆனால் பின்பக்க அச்சு இல்லாமையால் அச்சுத் தொடர்புச் சங்கிலி உருவாகாது. கால வரிசையை அச்சின் தேய்மானத்தைக் கொண்டே ஊகிக்க வேண்டும்.

இதனினும் பெரிய இடர், காசுகள் சிலவே என்பது. சிறு மாதிரியில் வாய்பாடு எப்படித் தடுமாறும் என்பதைக் கற்பனை எண்களால் காட்டலாம். பத்துக் காசுகளில் ஒன்பது அச்சுகளைக் கண்டால், மேற்கண்ட வாய்பாட்டின்படி மொத்த அச்சுகள் 90. இன்னும் ஓர் இணை ஒரே அச்சு எனத் தெரியவந்து எட்டு அச்சுகள் ஆகிவிட்டால் விடை 40. பத்தும் வெவ்வேறு அச்சுகள் எனில் பூச்சியத்தால் வகுக்க வேண்டிவரும், விடையே இல்லை. மங்கிய ஒரே ஒரு காசைப் பற்றிய ஐயம் சேர அரசின் வெள்ளி உற்பத்தியை இருமடங்காக்கவோ பாதியாக்கவோ கூடும் என்ற நிலையில், எண் கூறாமல் இருப்பதே ஆய்வாளருக்கு அழகு.

ஆயினும் எண் கிடைக்காவிட்டாலும் கேள்வி பயனற்றதாகிவிடாது. கிடைத்த சில காசுகளும் இரண்டு மூன்று அச்சுகளுக்குள் அடங்கிவிட்டால், அவை ஏதேனும் சிறப்பு நிகழ்வுக்காகச் சிறிய அளவில் வெளியிடப்பட்டவை எனலாம். ஒவ்வொன்றும் வெவ்வேறு அச்சாக இருந்தால், சேரர் அக்கசாலை தொடர்ந்து இயங்கியது என்றும், கடைத்தெருவில் புழங்கும் அளவுக்கு வெள்ளிக் காசு வெளிவந்தது என்றும் கொள்ள இடமுண்டு. சங்ககாலத் தமிழகத்தில் பணப் புழக்கம் எந்த அளவு இருந்தது, பண்டமாற்று எந்த அளவு இருந்தது என்ற விவாதத்தில் இவ்வேறுபாடு முக்கியமானது. உருக்கப்பட்ட உரோமானிய வெள்ளி சேரர் காசாயிற்றா என்பதை அச்சு ஆய்வு கூறாது; அதற்கு உலோகப் பகுப்பாய்வு வேண்டும்.

ஆற்றுப்படுகைக் காசுகள் அகழாய்வில் மண்ணடுக்கோடு கிடைத்தவை அல்ல. வணிகர் கைமாறி வருபவற்றில் இக்காலப் போலிகளும் உண்டு. ஒரே போலி அச்சில் செய்த பல காசுகள் மாதிரிக்குள் நுழைந்தால், பண்டைய அச்சுகளின் எண்ணிக்கை உண்மையினும் குறைவாகத் தோன்றும்.

முத்திரைக் காசுகள்

தமிழகத்தில் பரவலாகக் கிடைக்கும் வெள்ளி முத்திரைக் காசுகளுக்கு இம்முறையை அப்படியே பயன்படுத்த இயலாது. அவற்றில் கதிரவன், மலை, விலங்கு முதலிய சின்னங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி முத்திரைக் கோலால் அடிக்கப்பட்டவை. ஒரு காசில் பொதுவாக ஐந்து முத்திரைகள் இருக்கும். ஒரு கோல் உடைந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றைத் தொடர்ந்து பயன்படுத்துவர். முத்திரை பாதி விளிம்புக்கு வெளியே விழுவதும் இயல்பு. எனவே காசுகளை அன்றி, ஒவ்வொரு சின்னத்தின் கோல்களையும் தனித்தனியே எண்ணிக் கணக்கிட வேண்டும்.

புதையல்களின் நிலை

அச்சு ஆய்வுக்கு ஒரு புதையல் முழுமையாக, ஒவ்வொரு காசும் இருபுறமும் படமெடுக்கப்பட்டு இருப்பது இன்றியமையாதது. கொங்குப் புதையல்கள் பல அவ்வாறு இல்லை. 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் எந்தப் பேரரசன், எத்தனை காசு என்பதோடு நின்றுவிட்டனர். அக்காலத்தில் அச்சைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. ஒரே வகைக் காசுகள் மிகுதியாக இருந்ததால் அவை மிகைப்படிகள் எனக் கருதப்பட்டுப் பல அருங்காட்சியகங்களுக்கும் தனியாருக்கும் பிரிந்து சென்றன. அச்சு ஆய்வாளருக்கோ மிகைப்படி என்று ஒன்று இல்லை. திரும்ப வரும் காசே அவருக்கு வேண்டிய சான்று.

ராபர்ட் சீவெல் 1904இல் வெளியிட்ட பட்டியல், டி. ஜி. அரவமுதன் சென்னை அரசு அருங்காட்சியகக் காசுகளுக்கு 1942இல் வெளியிட்ட அட்டவணை, பவுலா டர்னர் 1989இல் வெளியிட்ட நூல், எஸ். சுரேஷின் ஆய்வுகள் ஆகியவை எந்தெந்தப் புதையலில் என்னென்ன இருந்தன என்பதை ஒழுங்குபடுத்தின. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் எஞ்சியுள்ளவற்றையும், வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் உள்ளவற்றையும் படமெடுத்து ஒன்றாக வைத்தால் மட்டுமே, வெள்ளலூர்க் காசும் பூதிநத்தம் காசும் ஒரே அச்சில் பிறந்தவையா என ஒப்பிட இயலும்.

இந்தியப் புதையல் சட்டம், 1878இன்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். உழவின்போதோ கிணறு வெட்டும்போதோ கிடைக்கும் காசுகளைத் தேய்த்துக் கழுவாமல், பானை ஓடுகளோடு சேர்த்து அப்படியே ஒப்படைப்பது நலம். சாம்பலும் புளியும் இட்டுத் துலக்கினால் காசு பளபளக்கும். அச்சின் நுண்ணிய கோடுகள் போய்விடும்.